டாப் ஸ்டேஷனுக்கு ரயில் வந்த காலம்

எட்டாம் வகுப்பில் நம்மைச் சுற்றுலா கூட்டிப்போனது டாப் ஸ்டேஷனுக்கு. நம் செட்டில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே அந்தப் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்டேஷன் என்றால் ரயில் நிற்கிற இடம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டிப் போனால் வருகிற ஓர் ஊர், அவ்வளவுதான். மலை விளிம்பில் நம்மை நிறுத்தி வைத்து சமூக அறிவியல் சார் கேட்டார்: “ஸ்டேஷன்னு பேர் இருக்கே, ரயில் எங்கடா?” எல்லோரும் முழித்தோம்.

அன்று அவர் சொன்ன கதை இன்னும் என்னோடு இருக்கிறது.

மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலையில் 1897-இல் தேயிலைக் கம்பெனி வந்து தேயிலை பரவிய பிறகு, விளைந்ததை வெளியே கொண்டுபோவதே பெரும்பாடு. போடிநாயக்கனூர்ப் பக்கம் இறக்கினால் அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பிவிடலாம். ஆனால் நடுவில் மலை செங்குத்தாக விழுகிறது. அதனால் விளிம்பு வரைக்கும் முதலில் ஒரு பாதை வேண்டும். 1902-இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டிக்கு அடியில் சிறு சக்கரங்கள். பாரத்தில் பெரும்பங்கு அவை வழியாகத் தண்டவாளத்தில் இறங்கும். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில் உருளும். இழுத்தது மாடுகள். சார் இதைக் கையை ஆட்டி விளக்கியும் எனக்குப் புரியவில்லை. அப்புறம் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டியதும்தான் பிடிபட்டது. மழை பெய்தால் சேறாகிவிடும் மலைப்பாதையில், பாரத்தை இரும்பின் மேல் ஏற்றி, சேற்றில் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் விட்ட அந்த யோசனையை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறுகிய பாதை போட்டார்கள். நீராவி எஞ்சின் வந்தது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிறுத்தங்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கி.மீ. கீழே கொட்டகுடிக்குப் போகும். அதனால் கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் விழுந்தது. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. போடிக்கே ரயில் வந்தது 1928-இல்தான். மலைக்கு மேலே எஞ்சின் ஓடிய காலத்தில் மலையடிவாரத்தில் ரயில் கிடையாது!

இந்த ரயிலைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார் என்பது வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆச்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருகிற கங்காணியோடு வந்த குடும்பம். போடியிலிருந்து குரங்கணி வழியாக நடந்தே ஏறினார்களாம். ஆச்சி அப்போது அவங்க அப்பா தோளில். “நாங்க ஏறிக்கிட்டிருந்தோம், தலைக்கு மேல பெட்டி பெட்டியா எறங்கிக்கிட்டு இருந்துச்சு” என்பார். அதே சரிவில் தேயிலை கம்பியில் இறங்கியது, அதைப் பறிக்கப்போகிற சனம் கால்நடையாக ஏறியது. இந்த ஒரு காட்சிக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். எஞ்சின் ஊதினால் மேய்கிற மாடுகள் மிரண்டு ஓடும் என்றும் சொல்வார். “நீங்க ஏறிப் போயிருக்கீங்களா ஆச்சி?” என்று கேட்டேன். “பெட்டிதாம்ல ஏறும்” என்றார்.

பதினாறு வருடம்தான் ஓடியது. 1924 ஜூலையில், கேரளத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1099-இல், மலையே கரைந்து வருவதுபோல மழை. பெரியவர்கள் அதை ‘தொண்ணூத்தொன்பது வெள்ளம்’ என்றுதான் சொல்வார்கள். வாரக்கணக்கில் விடாமல் பெய்து மலைகள் சரிந்தன. மூன்று ஆறுகள் கூடுகிற இடத்தில் இருந்த பழைய மூணாறு அழிந்தது. பாலங்களும் தண்டவாளமும் போயின. ஆச்சிக்கு அப்போது ஒன்பது வயது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கூரை என்னாகுமோ என்பதைவிடத் தண்ணீரின் சத்தத்துக்குத்தான் பயந்தேன் என்பார். ராத்திரி முழுக்க கல் உருளுகிற சத்தம், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

ரயிலை மறுபடி போடவில்லை. சரக்குக்குக் கம்பிவடம் இருந்தது, பிறகு ரோடும் லாரியும் வந்துவிட்டன.

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை மியூசியத்துக்குப் போனேன். அந்த எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னது. பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்குத் தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அதன் வழியாகத்தான் வருடக்கணக்கில் நடந்திருக்கிறோம். குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஒரு சிற்றூர் இன்னும் இருக்கிறது. ரயிலே போகாத ஊர் அது, கம்பிவடம் கொடுத்த பெயர்.

நம்மில் பலருடைய தாத்தா, ஆச்சி, அப்பத்தா அந்தச் சரிவில் ஏறியவர்கள்தான். அவர்கள் சொன்ன ஒரு வரி, ஒரு பழைய போட்டோ, வீட்டில் கிடக்கிற ஒரு துண்டு இரும்பு, எது இருந்தாலும் அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள். ஆச்சி சொன்னதை அன்றே நோட்டில் எழுதி வைக்காமல் விட்டேன். இங்கே எழுதியது என் ஞாபகத்தில் மிஞ்சியது மட்டும்.