பொசிஷன் சார்ட்

வேலைய விட்டு நாலு மாசம் ஆச்சு. வீட்ல, சொந்தக்காரங்க, கூட படிச்சவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், நாலு வருஷம் பிஎஸ்சி நர்சிங் படிச்சிட்டு ஏன் இப்படி வீட்ல உக்காந்திருக்கேன்னு. ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டிருக்கேன். சம்பளம் பத்தல, நைட் டியூட்டி உடம்புக்கு ஒத்துக்கல, ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லன்னு. எல்லாம் உண்மைதான், ஆனா அதுக்காக விடல. எதுக்காக விட்டேன்னு அம்மாகிட்ட கூட இன்னும் வாய் வரல, அதான் எழுதறேன்.

திருச்சில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். படிப்பு முடிச்சு சென்னைல நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் கைக்கு வந்த மாசமே சேந்துட்டேன், நேரா ஐசியூல போட்டாங்க. 14,000 சம்பளம். 2016ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி மத்திய அரசு அமைச்ச கமிட்டி, அம்பது பெட்டு கூட இல்லாத சின்ன ஆஸ்பத்திரில கூட நர்ஸுக்கு 20,000க்கு கொறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு, அத எங்க மேடம் கிளாஸ்ல பெருமையா சொன்னாங்க, நாங்களும் நோட்ல எழுதிக்கிட்டோம். கையில வந்தது என்னவோ 14,000தான். ஆனா அத கூட நான் தாங்கிக்கிட்டிருந்தேன். ஐசியூ எனக்கு புடிச்சிருந்துச்சு. ஒரு கஷ்டமான கைல முதல் தடவையே கேனுலா, அதான் மருந்து ஏத்தற ஊசிக்குழாய், போட்டுட்டா அன்னிக்கு முழுக்க மனசு லேசா இருக்கும், மூச்சு ட்யூப் எடுத்த பேஷண்ட் முதல் தடவ தண்ணி கேக்கறப்ப நாமதான் பக்கத்துல நிக்கிறோம், அத எந்த வேலைலயும் வாங்க முடியாதுன்னு தோணும்.

வென்டிலேட்டர் பேஷண்ட் ஒருத்தருக்கு ஒரு ஸ்டாஃப்னுதான் படிச்சோம். எங்களுக்கு நைட்ல ஆளுக்கு மூணு பேர், யாராவது லீவ் போட்டா நாலு. இத வெளிய இருக்கவங்களுக்கு எப்படி புரிய வைக்கிறதுன்னு தெரியல. ஒருத்தருக்கு பிபி எறங்கும், இன்னொருத்தருக்கு மணிக்கு ஒரு தடவ சுகர் பாத்து இன்சுலின் ரேட் மாத்தணும், மூணாவது ஆளுக்கு ட்யூப்ல சேர்ற சளிய எடுக்க சக்‌ஷன் பண்ணிட்டே இருக்கணும், நடுவுல லேப்ல இருந்து போன், பார்மசில இருந்து போன், புது அட்மிஷன். இதுல அப்பறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போகுற வேலை எதுன்னா, சத்தம் போடாத வேலை. மெஷின் அலாரம் அடிக்கும். முதுகு அடிக்காது.

ஒரு தாத்தா இருந்தாரு. விவரம் கொஞ்சம் மாத்திதான் சொல்றேன். ஸ்ட்ரோக் வந்து நினைவு இல்லாம படுத்திருந்தாரு, ஒல்லியான உடம்பு, இடுப்புக்குக் கீழ எலும்பு தோலோட ஒட்டிட்டு இருக்கும். அவர மாதிரி ஆள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் போடணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துரும், வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம்னு, அதுக்கு ஒரு பொசிஷன் சார்ட் இருக்கும், ஒவ்வொரு தடவையும் டிக் போட்டு கையெழுத்து போடணும். ஒரு ஆளா பொரட்ட முடியாது, ட்யூப் புடிக்க ஒருத்தர் வேணும். அந்த வாரம் மூணு நைட் தொடர்ந்து எனக்கு. ரெண்டாவது நைட்டு பக்கத்து பெட்டுல ஒருத்தருக்கு இதயம் நின்னு போச்சு, சிபிஆர் குடுத்து, மருந்து லோட் பண்ணி, சொந்தக்காரங்கள சமாதானப்படுத்தி எல்லாம் முடிஞ்சு நிமிந்து பாத்தா மணி அஞ்சு. தாத்தா பத்து மணிக்கு நான் எப்படி படுக்க வெச்சேனோ அப்படியே இருந்தாரு. ஆறு மணிக்குள்ள ஃபைல் முடிக்கணும். நான் சார்ட்ட எடுத்து 12க்கு வலது, 2க்கு மல்லாக்க, 4க்கு இடதுன்னு டிக் போட்டு மூணு எடத்துல கையெழுத்து போட்டேன்.

அது முதல் தடவ இல்ல. அதுக்கு முன்னாடியும் ஒண்ணு ரெண்டு டிக் அப்படி போட்டிருக்கேன். மூணும் சேத்து போட்டது அன்னிக்குதான்.

காலைல அவரோட மக வந்து பாத்துட்டு, "அப்பாவ பொரட்டி விடுறீங்கள்ல சிஸ்டர்?"னு கேட்டாங்க. "விடுறோம்மா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ"ன்னு சொன்னேன். அவங்க முகத்த பாத்துத்தான் சொன்னேன்.

நாலஞ்சு நாள்ல முதுகு முடியுற எடத்துல சிவந்துச்சு, அமுக்கிப் பாத்தா சிவப்பு மறையல. அப்பறம் தோல் உரிஞ்சுது. அதுக்கப்பறம் ஆழமாச்சு. என் ஒரு நைட்டால வந்ததுன்னு சொல்ல முடியாது, எத்தனை பேரோட டிக் எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா என் கையெழுத்து அதுல இருக்கு. இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போய் சொல்லி அழுதேன். அவங்க நல்லவங்க, என்னைய திட்டல. "எல்லாரும் இப்படித்தான்டா ஓட்டறோம், சார்ட் காலியா இருந்தா ஆடிட்ல கேப்பாங்க"ன்னு முதுகுல தட்டிக் குடுத்தாங்க. அவங்களே அன்னிக்கு டபுள் டியூட்டில நின்னுட்டிருந்தாங்க. அந்த ஆறுதல்தான் எனக்கு பயமா இருந்துச்சு. இன்னும் பத்து வருஷம் இருந்தா நானும் ஒரு புதுப் பொண்ணுக்கு இதையே சொல்லித் தட்டிக் குடுப்பேன்னு தோணுச்சு. ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டு வந்துட்டேன்.

இப்ப என்ன பண்றதுன்னுதான் யோசனை. கூட தங்கியிருந்த பொண்ணு எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கற நார்செட் எக்ஸாமுக்கு ராத்திரி பகலா படிக்கிறா. நர்சிங் ஆபீசர் வேலை, ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 44,900, போஸ்ட்ல 80 சதவீதம் பொண்ணுங்களுக்குத்தான், என்னையும் வா வான்னு கூப்பிடறா. எங்க ஊர் அக்கா ஒருத்தங்க 2015ல தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கற எம்ஆர்பி எக்ஸாம் எழுதி கவர்மெண்ட்ல சேந்தாங்க, அந்த பேட்ச்ல 7,000 பேருக்கு மேல, ஆரம்பத்துல மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியம், ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னது நடக்காம 2017 நவம்பர்ல சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல போராட்டத்துல போய் உக்காந்தவங்கள்ல அவங்களும் ஒருத்தங்க. அவங்க சொல்றது வெளிநாடு போயிரு பாப்பான்னு. ஜெர்மனிக்கு பி2ன்ற லெவல் வரைக்கும் ஜெர்மன் பாஷை படிக்கணும், இங்கிலாந்துக்கு ஓஇடி மாதிரி இங்கிலீஷ் டெஸ்ட் எழுதணும். அப்பா வாழைத்தோப்ப அடகு வெச்சுக் கூட அனுப்பறேன்னு சொல்றாரு, அதனாலயே அவர்கிட்ட அந்தப் பேச்ச எடுக்கறதில்ல.

கடைசில மெடிக்கல் கோடிங் கிளாஸ்ல சேந்தேன். சில பேரு அத கேவலமா பேசறாங்க, எனக்கு அப்படித் தோணல. டாக்டர் எழுதின நோட்ஸ படிச்சு நோய்க்கு ஐசிடி-10 கோட், பண்ணின வேலைக்கு சிபிடி கோட் போடணும், அனாடமி தெரிஞ்சவங்களுக்கு சீக்கிரம் வருது. அதுக்கு சர்டிபிகேட் தர்ற சிபிசி எக்ஸாம் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தா பாஸ். உக்காந்து பாக்கற வேலை, ஒரு சார்ட்ட முழுசா படிக்க நேரம் தராங்க. அதுவே எனக்கு பெரிய நிம்மதியா இருந்துச்சு, மூணாவது வாரம் தோல் வியாதி சாப்டர் வர்ற வரைக்கும். எல் 89.153. முதுகு அடில படுக்கைப்புண், மூணாவது ஸ்டேஜ். பக்கத்துல இருந்த பையன் எட்டு செகண்ட்ல கண்டுபிடிச்சுட்டான். நான் அந்த நம்பர எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போக முடியாம உக்காந்திருந்தேன்.

அந்த வாரக் கடைசில காலேஜ் சீனியர் அக்கா கூப்பிட்டாங்க. ஒரு சின்ன டிரஸ்ட்ல பாலியேட்டிவ் நர்ஸா இருக்காங்க, தீராத நோய்ல இருக்கவங்களுக்கு வலி, கஷ்டம் கொறைக்கிற வேலை, வீடு வீடா போய் படுத்த படுக்கையா இருக்கவங்களப் பாக்கற வேலை. கேரளாவுல 1993லயே கோழிக்கோட்டுல ஆரம்பிச்சது இது, நம்ம ஊர்லயும் 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்பறம் வீட்டுக்கே நர்ஸ் வர்றது கொஞ்சம் பழகிருக்கு. சும்மா கூட வா, வாலண்டியரா பாருன்னாங்க. லால்குடி பக்கம் ஒரு ஓட்டு வீடு. கேன்சர் தாத்தா, மருமகதான் பாத்துக்கறாங்க. அக்கா அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தாங்க. ஒரே வீட்ல, ஒரே பேஷண்ட்கிட்ட! பழைய சேலைய சுருட்டி எப்படி முட்டுக் குடுக்கறது, ஒரு ஆளா இழுக்காம விரிப்போட சேத்து எப்படி திருப்பறது, குதிகால் எப்படி தொங்க விடறதுன்னு மருமகளுக்கு சொல்லிக் குடுத்தாங்க, நான் அந்தப் பக்கம் நின்னு புடிச்சேன். திருப்பிட்டு முதுகப் பாத்தேன். தோல் நல்லா இருந்துச்சு. சுவத்துல காலண்டர் பின்பக்கத்துல மருமக பென்சில்ல கோடு போட்டு நேரம் எழுதி வெச்சிருந்தாங்க, ஒரு நாள் மதியம் ரெண்டு கட்டம் காலியா இருந்துச்சு. ஏன்னு அக்கா கேட்டதுக்கு, "அன்னிக்கு ரேஷன் கடைக்குப் போயிட்டேங்க, திருப்பல, அதான் போடல"ன்னாங்க.

சம்பளம் அங்க ஆஸ்பத்திரிய விடக் கொறச்சல். வீட்டுக் கடன் அப்படியே இருக்கு. கோடிங் எக்ஸாம் பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் டைம், அப்பா குடுத்த பணம் பீரோல இருக்கு, இன்னும் கட்டல. நேத்து ராத்திரி அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், செவ்வாக்கிழமையும் நான் வரட்டுமாக்கான்னு. காலைல ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுன்னு சொல்லிருக்காங்க.