இரண்டு மைக், ஒரே ஐஆர்: 9 சாம்பிளில் தீர்ந்த வழக்கு

கிட்டார் ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் என் யூனிட்டில் லீட் ப்ரீசெட் (சோலோவுக்குச் சேமித்துவைத்த ஒலி அமைப்பு) ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. விண்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட 4×12 கேபினட், அதற்கு முன்னால் ஒரு எஸ்எம்57 மைக், ஒரு ஆர்-121 ரிப்பன் மைக். கேபினட்டும் மைக்கும் சேர்ந்து ஒலியை மாற்றும் விதத்தைப் பிடித்துவைத்த சின்ன ஃபைல்தான் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்). ஒரே பேக்கில் வந்த இந்த இரண்டு ஐஆர்களையும் தனித்தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். 57இல் கடி இருக்கிறது, ரிப்பனில் சதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் டோன் உள்ளே ஓட்டையாகிவிடும். பவர் கார்டு அடித்தால் அவ்வளவாகத் தெரியாது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போய் ஒரு பெண்ட் எடுத்தால், பேக்கிங் ட்ராக்குக்குள் கிட்டார் காணாமல் போய்விடும். ஆம்ப் மாடலை மாற்றினாலும் அதே கதை, பிரசென்ஸை ஏற்றினாலும் அதே கதை.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளவீட்டு மென்பொருளில் கலவையை ஏற்றிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. 2.7 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆழமான பள்ளம், 8 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்று. ஒரே ஒலி கொஞ்சம் தாமதமாகத் தன்னோடு சேரும்போது சில அதிர்வெண்கள் அடிபட்டுப்போகும் கோம்ப் ஃபில்டர் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம். ரிப்பன் மைக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒலி அங்கே போய்ச்சேர 9 சாம்பிள் அதிகம் ஆகிறது (சாம்பிள் என்பது டிஜிட்டல் ஒலியின் ஒரு புள்ளி; 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000). 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்குள் ஒலி சுமார் 7 மில்லிமீட்டர் போகும்; ஆக 9 சாம்பிள் என்பது ஆறரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நேரத்தில் 0.19 மில்லிசெகண்ட்கூட இல்லை. ஆனால் கிட்டார் முன்னுக்கு வருவதே 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். அங்கே போய் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்றுகொண்டால் எந்த ஈக்யூவாலும் காப்பாற்ற முடியாது. இல்லாததை எவ்வளவு பெருக்கினால் என்ன?

இனி ஒட்டும் வேலை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இரண்டு வேவ் ஃபைல்களையும் இரண்டு ட்ராக்கில் போட்டு, சாம்பிள் புள்ளிகள் தெரியும் வரை ஜூம் செய்து, முதல் உச்சிகளை நேர்கோட்டில் கொண்டுவருவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. எனக்கு அது பிடிக்கவில்லை. ரிப்பனின் முதல் உச்சி மழுங்கலாக இருக்கும். 57இன் உச்சி ஊசிபோல இருக்கும். எதை எதோடு நேராக்குவது என்பதிலேயே இரண்டு மூன்று சாம்பிள் தகராறு. கண்ணை நம்புவதைவிடக் காதை நம்பலாம்: ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழ் திசையை, திருப்பிவிட்டு, சுத்தமாகப் பதிவு செய்த ஆம்ப் சிக்னல் ஒன்றை இரண்டு ஐஆர் வழியாகவும் லூப்பில் ஓட்ட வேண்டும். பிறகு ரிப்பனை ஒவ்வொரு சாம்பிளாக முன்னால் நகர்த்த வேண்டும். ஒலி எந்த இடத்தில் மிக மெலிந்து, எலும்பும் தோலுமாகக் கேட்கிறதோ அதுதான் சரியான இடம். போலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் அதே இடத்தில் டோன் முழுசாக எழுந்து நிற்கும். இதைச் செய்யும்போது இரண்டு ட்ராக்கின் லெவலும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெலிவது காதுக்குத் தெரியாது.

ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், பின்பக்கம் போலாரிட்டி தலைகீழ். எந்தப் பக்கத்தை ஸ்பீக்கருக்குக் காட்டினார்கள் என்று பேக்கில் எழுதியிருக்கவா போகிறார்கள்? நேராக்கிய பிறகும் பாஸ் மொத்தமாகப் போய்விட்டது என்றால் அந்தப் போலாரிட்டியைப் பாருங்கள்.

பேக்கில் 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் இருந்தால் ஒட்டும் வேலையை அதிலேயே முடித்துவிட்டு, கடைசியில் 48க்கு இறக்குவது நல்லது. நகர்த்தும் அடி பாதியாகக் குறையும், மூன்றரை மில்லிமீட்டர். இது தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனாலும் செய்தேன்.

விகிதம்: 57 முழுசாக, ரிப்பன் 4 டெசிபெல் கீழே. இரண்டையும் கூட்டினால் லெவல் ஏறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சத்தமாக இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். பழைய ப்ரீசெட்டின் லெவலுக்குக் கொண்டுவந்து வைத்தபிறகுதான் ஒப்பிட வேண்டும். முன்னால் இருந்த வெற்று மௌனத்தை வெட்டி, 2048 சாம்பிளில் நிறுத்தி, வாலுக்குச் சின்ன ஃபேட் கொடுத்து, ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்தேன். 43 மில்லிசெகண்ட்கூட இல்லாத ஃபைல், 6 கேபி. இதற்குத்தான் இவ்வளவு கூத்து. 1024இல் வெட்டினால் என்ன என்றும் பார்த்தேன்: லீடுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தாழ்ந்த ஈ தந்தியில் பாம் மியூட் அடித்தால் ஹெட்ஃபோனில் அடிவயிறு கொஞ்சம் இளைக்கிறது.

ஒரே ஃபைலாக்கியதில் இன்னொரு லாபம், யூனிட்டில் ஐஆரை ஏற்றும் கேப் ப்ளாக் ஒன்று மிச்சம். அதில் மிஞ்சிய டிஎஸ்பியில் (கணக்கிடும் திறனில்) ஒரு நல்ல டிலே போட்டுக்கொண்டேன்.

அடுத்து சேமிப்பு. இங்கேதான் எனக்கு ஆற்றாமை. என் யூனிட்டில் ப்ரீசெட்டுக்குள் ஐஆர் போவதில்லை; ஸ்லாட் எண் மட்டும்தான் போகிறது. 17ஆம் ஸ்லாட்டில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள் என்பதோடு சரி. நண்பருக்கு இந்த ப்ரீசெட்டை அனுப்பினேன். அவர் யூனிட்டில் 17இல் இருந்தது பேஸ் கிட்டார் கேபினட். "மச்சான், இது கிட்டாரா தவிலாடா?" என்று கேட்டார். 6 கேபி ஃபைலை ப்ரீசெட்டோடு சேர்த்து வைக்க இந்தக் காலத்தில் இடமா இல்லை? பெயரையாவது ஒத்துப் பார்க்கலாம், அதுவும் இல்லை. பேக்கப் எடுக்கும்போதும் ஐஆருக்கு எடிட்டரில் தனி டிக் இருக்கிறது, அதைப் போடாவிட்டால் ப்ரீசெட் மட்டும்தான் வரும். ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன்னால் இந்த டிக்கைப் பார்த்துவிடுங்கள்.

நான் செய்திருக்கும் ஏற்பாடு: 1 முதல் 20 வரை ஸ்லாட்டுகள் நிரந்தரம், தொடக்கூடாது. 100க்கு மேலே எல்லாம் சோதனைக்கு. ஃபைல் பெயரின் தொடக்கத்திலேயே ஸ்லாட் எண். ப்ரீசெட் பெயரின் கடைசி இரண்டு எழுத்திலும் அதே எண். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

128 ஸ்லாட், 128 ப்ரீசெட் என்று எங்கு பார்த்தாலும் வருவதற்கு, இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறையான மிடிதான் மூலம். ப்ரீசெட்டை மாற்றும் ப்ரோகிராம் சேஞ்ச் கட்டளைக்கு 7 பிட், அதற்கு மேல் போனால் பேங்க் மாற்ற வேண்டும். அந்த மிடியைத்தான் அடுத்துக் கையில் எடுக்கிறேன். கால் கண்ட்ரோலர் ஒன்று கைமாற்றாக வந்திருக்கிறது. அது 0இலிருந்து எண்ணுகிறது, யூனிட் 1இலிருந்து எண்ணுகிறது. பாட்டின் பிரிட்ஜ் பகுதிக்கான ப்ரீசெட்டை அமுக்கினால் சோலோவுக்கானது வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் 5 பின் மிடி கேபிள் வாங்குகிறவர்கள் கையோடு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். மிடிக்கு 4, 5ஆம் பின்களும் ஷீல்டுக்கு 2ஆம் பின்னும் நேராக இணைந்திருந்தால் போதும். ஒரு கடையில் தந்ததில் 5 எங்குமே போகவில்லை, மாற்றித்தரவும் மாட்டேன் என்றுவிட்டார்.

க்ளீன் ப்ரீசெட் இன்னும் பாக்கி. ஓப்பன் பேக் 2×12 ஐஆர் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், 57 மட்டும்தான், கொஞ்சம் கூச்சல். ஹை கட் ஃபில்டரை 7 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் கூச்சல் அடங்குகிறது, மணியோசையும் சேர்ந்து அடங்குகிறது. ரிப்பனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த பேக்கில் அது எத்தனை சாம்பிள் பின்தங்கியிருக்கிறது என்று இன்னும் அளக்கவில்லை.