சாவியை வாங்கிய இடம்

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, துடுப்பாட்டத்தைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் எழுதப் பலர் இருப்பார்கள், நான் விடுதிச் சமையலறையான குசினியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ஐம்பது ஆண்டுகளாக எழுதவேண்டும் என்று நெஞ்சில் கிடப்பது அது ஒன்றுதான்.

1974ஆம் ஆண்டு. நான் உயர்தர வகுப்பு மாணவன், விடுதிவாசி. அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முந்திய ஆண்டு உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் விலையேறியதில் இலங்கை திணறிப்போயிற்று. அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்கு அளந்து கொடுக்கப்பட்டன. பாணுக்கு விடியுமுன்பே வரிசை. மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் ஊரெல்லாம் இருந்தார்கள். இறக்குமதி நின்றதால் வெங்காயமும் மிளகாயும் செய்த யாழ்ப்பாணத்துக் கமக்காரர்களுக்கு அது நல்ல காலம். நூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போடவேண்டிய விடுதிக் குசினிக்கு அது பஞ்சகாலம்.

அந்தக் குசினியை நடத்தியவரை நாங்கள் ‘அண்ணை’ என்றே கூப்பிட்டோம். வயதுக்கு அப்பு என்று கூப்பிட்டிருக்கலாம். மெலிந்த தேகம், மடித்துக் கட்டிய சாரம், இடுப்பில் கறுப்புக் கயிற்றில் களஞ்சிய அறைச் சாவி. அவர் மா அளப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். சுண்டு என்ற அளவைப் பேணியை மாவுக்குள் அமிழ்த்தி எடுப்பார். ஒரு தென்னை ஈர்க்கால் அதன் வாயை வழிப்பார். ஈர்க்கில் ஒட்டிக்கொண்ட மாவையும் விரலால் தட்டிச் சாக்குக்குள்ளேயே விழுத்துவார். நாலு சுண்டு சேர்ந்து ஒரு கொத்து ஆனதும், சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு. எழுத்து வாசனை குறைந்தவர். அவருடைய கணக்குப் புத்தகம் அந்தச் சுவர்தான்.

இரண்டாந் தவணையில் ஒரு நாள், களஞ்சியத்தில் ஒரு மூடை மா குறைகிறது என்ற பேச்சு எழுந்தது. பதிவேட்டின்படி வந்தது இரண்டு மூடை, இருந்தது ஒன்று. அன்று இரவு நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தோம். விடுதிப் பொறுப்பாளர் வந்தார். அவரை நான் பெயர் சொல்லப்போவதில்லை. மற்ற விடயங்களில் நல்ல மனிதர், பின்னாளில் எனக்கே உதவி செய்தவர். ஆனால் அன்று அவர் செய்தது அநியாயம். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டி, “சாவியைத் தா” என்றார். மூடையின் விலை மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படும் என்றும் சொன்னார்.

அண்ணை கையில் இருந்த சொதிச் சட்டியை மேசையில் வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

“ஐயா, நான் எடுத்திருந்தால் எங்கே எடுத்தேன் என்று காட்டுங்கள். எடுக்கவில்லை என்றால், பிள்ளைகளுக்கு முன்னால் ஏன் சாவியைக் கேட்கிறீர்கள்?”

குரல் உயரவில்லை. பதில் வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்திருந்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொதி பரிமாறத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் மத்தேயு ஐந்தாம் அதிகாரம்: வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்ற பகுதி. பொறுமையைப் பற்றி நெடுநேரம் சொல்லப்பட்டது. கடைசி வாங்கில் வழக்கம்போல் அண்ணை இருந்தார். பலர் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்தப் பிரசங்கத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அறைந்த பக்கத்தில் நிற்பவர்கள் அறை வாங்கியவனுக்குப் பொறுமை போதிப்பது சுவிசேஷம் ஆகாது. அதே ஆண்டவர், பிரதான ஆசாரியனின் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது வாய்மூடி நிற்கவில்லை. யோவான் பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது: “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்.” இந்த வசனத்தைப் பல ஆண்டுகள் கழித்து லண்டனில் ஒரு வேத ஆராய்ச்சி வகுப்பில் வாசித்தபோது, நான் கேட்டது அண்ணையின் குரலைத்தான். சாப்பாட்டு மண்டபத்தில் அவர் கேட்ட இரண்டு வரிகளும் அப்படியே அங்கே இருந்தன. அவர் வசனத்தை நினைத்துச் சொன்னாரா, அல்லது அந்தச் சுவிசேஷத்தையே கேட்டுக் கேட்டு அவருடைய பேச்சு அப்படி ஆகிவிட்டதா என்று நான் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கூச்சமானது. மண்டபத்தில் “மாக்கள்ளன்” என்று முதலில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ரொட்டி சிறிதாக இருந்தால், “மா எங்கே போயிற்று?” என்று அவர் காது கேட்கக் கேட்போம். அப்போது எங்கள் வாயில் ஓயாமல் இருந்த சொல் ‘அநியாயம்’ என்பதுதான். பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைக்கும் தரப்படுத்தல் வந்துவிட்டது. 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதுமாக இருந்தது. அந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு இரவு இரவாக விடுதியில் விவாதித்தோம். விசாரணை இல்லாமல் எங்களைத் தண்டித்துவிட்டார்கள் என்று கொதித்தோம். கொதித்துவிட்டு, விசாரணை இல்லாமல் தண்டிக்கப்பட்ட ஒரு மனிதர் ஊற்றிய தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவரைப் பழித்தோம். இரண்டையும் ஒரே நாவால் செய்தோம் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த மாதத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. நோயாளர் அறையில் தனியாகக் கிடந்தேன். இரவு எட்டு மணி இருக்கும், கதவருகில் அரிக்கன் லாம்பு வெளிச்சம். அண்ணை கஞ்சிக் கோப்பையோடு நின்றார். அரிசி கிடைக்காத காலத்தில் அரிசிக் கஞ்சி. தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சி தட்டிப்போட்டு, மேலே இரண்டு சின்ன வெங்காயம். என்னை நிமிர்த்தி இருத்தி, கோப்பையை என் கையில் தந்து, அடியைத் தன் கையாலும் தாங்கிக்கொண்டார். நான் சொன்னவை எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தன என்பது எனக்குத் தெரியும். பாதி குடித்ததும் தாங்கமுடியாமல், “அண்ணை, எங்கள்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“இருக்கிறது” என்றார் உடனே. “இரவில் படுத்தால் வரும். எழும்பி முழங்காலில் நின்று, ஆண்டவரிடம் நல்லாகச் சொல்லிப்போடுவேன். பெயர் பெயராகச் சொல்லுவேன். உன்னுடைய பெயரும் இருக்கிறது.” கொஞ்சம் பொறுத்து, “அதைக் கஞ்சிக்குள்ளே போடலாமா, தம்பி? ஆறமுன் குடி” என்றார்.

கோபமே வராதவர்தான் நல்ல கிறிஸ்தவர் என்று நான் ஞாயிறு பள்ளியில் நினைத்திருந்தேன். பேதுருவின் நிருபத்தில் இயேசுவைப் பற்றி, அவர் வையப்படும்போது பதில் வையாமல், “நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்கு” தம்மை ஒப்புவித்தார் என்று வருகிறது. ஒப்புவிப்பது என்றால் என்ன என்பதை எனக்கு அந்த அரிக்கன் லாம்புதான் காட்டியது. வழக்கு தள்ளுபடியாகவில்லை. இரவுக்கிரவு மேல் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, பெயர் விவரங்களோடு. அதனால்தான் பகலில் எங்கள் கோப்பைக்குள் அது விழவில்லை.

லண்டனுக்கு வந்த பிறகு எனக்கும் ஒரு முறை நேர்ந்தது. நானே வேலை பழக்கிய ஒருவருக்கு எனக்கு வரவேண்டிய பதவி போயிற்று. காரணம் எல்லோருக்கும் தெரியும், எவரும் சொல்லவில்லை. மேலாளரிடம் நேரே போய், என் வேலையில் குறை இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டேன், எழுத்திலும் கொடுத்தேன். ஒழுங்கான பதில் இன்றுவரை இல்லை. அந்த இளைஞருக்குத் தெரியாததைத் தொடர்ந்து சொல்லிக்கொடுத்தேன். இரவில் அவர் பெயரையும் மேலாளர் பெயரையும் சொல்லி முழங்காலில் நின்றேன். சில இரவுகளில் அது ஜெபமாக இருக்கவில்லை, வெறும் முறைப்பாடாகவே இருந்தது.

சாவியின் கதையை முடிக்கவேண்டும். அந்தத் தவணை முடியும் தறுவாயில் உண்மை தெரியவந்தது. இரண்டாவது மூடை எங்கள் களஞ்சியத்துக்கு வரவே இல்லை. சிறுவர் விடுதியில் இறக்கிவிட்டு, பதிவை மட்டும் எங்கள் ஏட்டில் எழுதியிருந்தார்கள். சுவரில் இருந்த கரிக்கோடுகளை யாராவது ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கழித்த சம்பளத்தை ஒரு உறையில் போட்டு, சாவியையும் அதற்குள் வைத்து, அலுவலகப் பையனிடம் குசினிக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

அண்ணை பணத்தை எடுத்துக்கொண்டார். சாவியை உறையோடு திருப்பி அனுப்பினார். பிள்ளைகளுக்கு முன்னால் வாங்கிய சாவியைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தரச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினாராம்.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் இருந்த கதையை எல்லோரும் அறிவார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தும் ஓடாமல் இருந்து, தற்கொலை செய்யப்போன சிறைக்காவலனைக் காப்பாற்றினார்கள். விடிந்ததும், சத்தமில்லாமல் போய்விடலாம் என்று அதிகாரிகள் ஆளனுப்பியபோது பவுல் சம்மதிக்கவில்லை. விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தவர்கள் “அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துக்கொண்டு விடட்டும்” என்றார். காவலனைக் காப்பாற்றிய கதையைச் சொல்லும் அளவுக்கு நம் சபைகளில் இந்த வரியை யாரும் சொல்வதில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் இரவு, நாங்கள் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விடுதிப் பொறுப்பாளர் மண்டபத்துக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது. பிழை எங்கள் பக்கம், இவர் பக்கம் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சாவியை நீட்டினார். அண்ணை இரண்டு கையாலும் வாங்கினார். அதே கறுப்புக் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். பொறுப்பாளர் திரும்பிப் போகப் பார்த்தார்.

“ஐயா, இருங்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.”

அவர் எங்கள் வாங்கில், எனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தார். சீனிக்குத் தட்டுப்பாடு. அண்ணை பனங்கட்டித் துண்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து, தேத்தண்ணீரை ஊற்றினார். மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. பொறுப்பாளர் பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, கடைசித் துளிவரை குடித்தார்.