பசியாறிட்டீங்களா தம்பி?

பாங்காக் போயிருந்தப்ப கூட வந்த பசங்க ராத்திரி பூரா ஆட்டம் போட்டுட்டு காலைல எந்திரிக்கவே இல்ல, சரி நாம மட்டும் போலாம்னு தோன்புரி ஸ்டேஷன்ல 100 பாத் குடுத்து டிக்கெட் எடுத்து நம் டோக் போற ரயில்ல ஏறிட்டேன். மூணாம் கிளாஸ், ஃபேன் மட்டும்தான், நம்ம ஈரோடு பாசஞ்சர் மாதிரியே. வழியில காஞ்சனபுரில இருக்குற க்வாய் ஆத்துப் பாலத்துல நாலு போட்டோ எடுக்கணும், அவ்ளோதான் பிளான்.

எதுத்த சீட்டுல ஒரு அம்மா, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், சுடிதாரும் ஸ்போர்ட்ஸ் ஷூவும். என்னையே பாத்துட்டு இருந்தவங்க "தமிழா?"ன்னாங்க. ஆமாங்கன்னேன். உடனே "பசியாறிட்டீங்களா தம்பி?" டிபன் ஆச்சான்னு கேக்குறாங்கன்னு புரியவே ரெண்டு செகண்ட் ஆச்சு. மலேசியாவுல காலை டிபனுக்கு பசியாறல்னுதான் பேராம். நாமதான் பிரேக்ஃபாஸ்ட்டு பிரேக்ஃபாஸ்ட்டுன்னு திரியறோம்.

மலேசியாவுல பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க. "எங்க தாத்தா சயாமுக்குப் போனவரு"ன்னாங்க. சயாம்னா இந்த தாய்லாந்துதான். நான் பேக்கு மாதிரி "வேலைக்குங்களா?"ன்னு கேட்டேன். "வேலைக்குதான்லா, மூணு மாசம், நாளைக்கு ஒரு டாலர்னு சொல்லி ஜப்பான்காரன் ஏத்திட்டுப் போனான். 1943ல. அம்மாவுக்கு அப்ப நாலு வயசு."

ரெண்டாம் உலகப்போர்ல பர்மாவுக்குப் போக ஜப்பான்காரன் போட வெச்ச ரயில் ரோடு இது, அவன் பிடிச்சு வெச்ச வெள்ளைக்கார போர்க் கைதிங்க மட்டும் போட்டாங்கன்னுதான் நான் நெனச்சிருந்தேன். 415 கிலோமீட்டர், ஒண்ணேகால் வருஷம் கிட்ட ஆச்சு, 60,000 கைதிங்களோட, அதுக்கு மூணு நாலு மடங்கு மலாயா, பர்மா, ஜாவான்னு கூலி ஆளுங்களும் இருந்திருக்காங்க. அதுல தமிழங்க ஏகப்பட்ட பேரு. காலரா வந்து கொத்துக் கொத்தா போயிட்டாங்க. காஞ்சனபுரில சோல்ஜருங்க கல்லறை 7,000 கிட்ட இருக்கு, வரிசையா, புல்லு வெட்டி, பேரு பொறிச்சு. இவங்க தாத்தா எந்த கேம்ப்ல இருந்தாருன்னே வீட்டுல யாருக்கும் தெரியாது. போறப்ப முன்பணமா குடுத்த, ஜப்பான்காரன் அடிச்ச 10 டாலர் நோட்டு, வாழைமரம் போட்டது, அத பாட்டி கடைசிவரை பிஸ்கட் டின்னுக்குள்ள வெச்சிருந்தாங்களாம். சண்டை முடிஞ்சதும் அது வெறும் காகிதம்.

பாலம் வந்துச்சு, வளைவா இருக்குற இரும்புதான் பழசு, நேரா இருக்குற ரெண்டும் குண்டு விழுந்தப்புறம் மாத்துனதுன்னு அவங்கதான் காட்டுனாங்க. நான் போட்டோ எடுக்கவே மறந்துட்டேன். அப்புறம் "இந்தப் பக்கம் வாங்க தம்பி, ஆறு இடது பக்கம்தான்"ன்னு ஜன்னலோரம் இடம் விட்டாங்க. தாம் க்ராசே கிட்ட ரயில் நத்தை மாதிரி ஊருது, ஒரு பக்கம் செங்குத்தா பாறை, கீழ மரக்கட்டைய முட்டுக்குடுத்து கட்டுன பாலம், அதுக்கும் கீழ ஆறு. சுத்தி எல்லாரும் செல்ஃபி.

இவங்க பையில இருந்து ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்த எடுத்தாங்க. அஞ்சாறு வெத்தல, கொட்டப்பாக்கு ரெண்டு. பாங்காக் சிலோம் மாரியம்மன் கோயில் கிட்ட வாங்குனதாம், வெத்தல ஓரமெல்லாம் வாடி கருத்திருந்துச்சு. சண்டைக்கப்புறம் ரயில் ரோட்டுல பாதிக்கு மேல பேத்து எடுத்துட்டாங்க, இப்ப நம் டோக் வரைக்கும்தான் வண்டி போகும், "அவரு இதுக்கு மேல எங்கயோ கெடக்கலாம், நம்மால இவ்ளோதான் வர முடியுது"ன்னுட்டு கைய வெளிய நீட்டி விட்டாங்க. பாக்கு நேரா போயிருச்சு. ஒரு வெத்தல மட்டும் காத்துல திரும்பி வந்து ஜன்னல் கம்பில ஒட்டிக்கிச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம நான் அத எடுத்து அவங்க கைலயே குடுத்தேன்.

அவங்க அத பாத்து சிரிச்சுட்டாங்க. "சுண்ணாம்பு இல்லன்னு திருப்பி அனுப்புறாரு. இங்க விக்கிற சுண்ணாம்பு ரோஸ் கலர்ல இருந்துச்சு தம்பி, இது அவருக்கு ஆகாதுன்னு நான்தான் வாங்காம வந்துட்டேன்."