அடியில் யாரைப் போடுவது

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதக் கூட்டத்துக்கு நான் போடும் கொழுந்துச் சார்ட்டில் பிழை ஒன்றுமில்லை. கீழ் டிவிசனைப் பார்க்கும் ஐயாவும் பிழை என்று சொல்லவில்லை. "எங்க டிவிசன ஏன் தம்பி அடியில போட்டீங்க?" என்றுதான் கேட்டார்.

"நான் எங்க ஐயா போட்டேன், எக்ஸல்தான் போடுது. முதல் நிரல்ல இருக்கிறது அடியில வரும்" என்றேன். பொய்யில்லை. கொழுந்துக் கணக்கில் எப்போதுமே கீழ் டிவிசன் முதலில், அப்புறம் நடு, அப்புறம் மேல். அந்த வரிசையிலேயே தெரிவு செய்து ஸ்டாக்ட் கொலம், அதாவது மாதத்துக்கு ஒரே தூணாக ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் சார்ட், கொடுத்தால் அப்படித்தான் அடுக்கும். செலக்ட் டேட்டாவுக்குள் போய் அம்புக்குறியை அழுத்தினால் வரிசை மாறும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லையே.

அடியில் இருந்தால் என்ன நட்டம்? அந்தத் துண்டு மட்டும்தான் பூச்சியக் கோட்டிலிருந்து எழும்புகிறது. கொஞ்சம் குறைந்தாலும் பளிச்சென்று தெரியும். மேல் டிவிசனோ தோளில் ஏறி நிற்கிற பிள்ளை மாதிரி. தலை இறங்கினால், குனிந்தது பிள்ளையா, தூக்கியவரா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இலங்கை மலையகத்து டிக்கோயாப் பக்கம் வெயில் காலம். எல்லா டிவிசனிலும் கொழுந்து குறையும். கீழ் டிவிசனில் அதோடு, கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்து விட்ட, இரண்டு மலை (தேயிலை நிலத்துண்டு) இன்னும் தழைக்கவில்லை. சார்ட்டில் அதற்கென்று ஒரு நிறம் கிடையாது. பெப்ரவரித் தூணைப் பார்த்ததும் தோட்டத்து மேனேஜர் துரை, "கீழ் டிவிசன் என்ன இப்படி?" என்றார். ஐயா எழுந்து கவ்வாத்தைச் சொன்னார். சொன்னது சாக்குப் போலக் கேட்டது.

அன்று பின்னேரம் ஆபிசில் தனியாக இருந்தபோது வரிசையை மாற்றி மேல் டிவிசனை அடியில் போட்டுப் பார்த்தேன். எண்கள் அதேதான். ஆனால் பெப்ரவரியில் அவர்களுக்கும் நல்ல பள்ளம் விழுந்திருந்தது. அங்கே கவ்வாத்தும் இல்லை. அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, வேறு எப்படிப் போடுவது? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வருசத்துக்கு 36 தூண். துரைக்கு ஒரே பார்வையில் விளங்க வேண்டும். நூறு சதவீத அடுக்கென்றால் மேலே இருப்பவருக்கும் உச்சியில் ஒரு நேர்கோடு கிடைக்கும், ஆனால் மொத்தம் மறைந்துவிடும். அவர் முதலில் பார்ப்பதே மொத்தத்தைத்தான். ஹெக்டயருக்கு எத்தனை கிலோ என்று போடுவதுதான் நியாயம், ஆனால் அதை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. கூட்டினால் வருவது எதற்குமே உதவாத எண். இப்படி எனக்கு நானே வழக்குப் பேசினேன். எல்லாமே சரியான காரணங்கள்தான். மாற்றிய சார்ட்டைத் துரையிடம் காட்டாததற்கு மட்டும் இதில் எதுவும் பொருந்தவில்லை. காட்டியிருந்தால் மேல் டிவிசன் ஐயா எழுந்து நின்றிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம் என்றும் தோன்றுகிறது.

அடுத்த மாதமும் பழைய வரிசையில்தான் அனுப்பினேன். சார்ட்டுக்குக் கீழே மட்டும் ஒரு வரி: "கீழ் டிவிசனில் 2 மலை கவ்வாத்து." துரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கீழ் டிவிசன் ஐயா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே தம்பி" என்றார்.