பாட்டு தானாக ஒலிக்க வேண்டாம்

இசைக்குழுக்களுக்கும் இசை இரவுகளுக்கும் வலைத்தளம் வடிவமைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதல் பேச்சில் பெரும்பாலும் கேட்பது பெரிய படம், கறுப்புப் பின்னணி, திறந்ததும் ஒலிக்கும் பாட்டு. பாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். 2018 முதல் குரோம் உலாவியே, நாம் தொடாமல் ஒலியோடு ஓடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

பக்கத்தைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள். பேருந்தில் நிற்கிறார், போனில் சார்ஜ் 11 சதவீதம். எங்கே, எத்தனை மணிக்கு, டிக்கெட் இருக்கிறதா, சக்கர நாற்காலியோடு உள்ளே வர முடியுமா? அவருக்கு இவ்வளவுதான் வேண்டும். இதெல்லாம் போஸ்டர் படத்துக்குள் மட்டும் இருந்தால், பார்வையற்றவருக்குத் திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு எட்டாமலே போய்விடலாம். தயவுசெய்து எழுத்தாகவும் போடுங்கள்.

அப்புறம், முடிந்த நிகழ்ச்சிகளை அழிக்காதீர்கள். சமூகக் கலைத் திட்டங்களில் நிதி தீர்ந்ததும் தளமும் காணாமல் போவதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. சர்வர் மாற்றும்போது பல ஆண்டுகளாக ஏற்றப்பட்ட பாடல்கள் தொலைந்துவிட்டதாக 2019-ல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் சொன்னது. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, குழுவின் பெயரிலேயே இருக்கட்டும், கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும், பாடல்களின் மூலக் கோப்புகள் உங்கள் கையில் இருக்கட்டும்.

போன வாரம் ஒரு குழுவின் பழைய சுவரொட்டிகளை ஸ்கேன் செய்து ஏற்றினோம். ஒவ்வொன்றையும் பார்த்து, அன்று யார் பாடினார்கள், யார் வயலின் வாசித்தார்கள் என்று ட்ரம்ஸ் வாசிப்பவர் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன்.