ரோந்துச் சட்டையும் லாக்கப் கதவும்

போன சனிக்கிழமை இரவு கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் ரோந்து முறை எனக்கு. எஸ்.ஆர்.எஸ். என்கிறோமே, ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கக் காவல் அமைப்பின் தன்னார்வ ரோந்து, அதுதான். ஒளிரும் சட்டை, டார்ச், விசில், கூடவே மூன்றாம் மாடி அண்ணனும் எதிர் புளோக்கிலிருந்து ஒரு சீன அங்கிளும். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தை நாலு தடவை சுற்றிவிட்டு ஒரு மணிக்கு மாமாக் கடையில் தே தாரே, நுரை பொங்க ஆற்றிய டீ. ருக்குன் தெத்தாங்கா 1975இல் ஆரம்பித்தபோது ஆம்பளைகளுக்கு ரோந்து கட்டாயம், தூங்கி வழிந்துகொண்டே சுற்றுவோம் என்று அப்பா சொல்வார். இப்போது, 2012இல் வந்த சட்டப்படி, விருப்பமிருந்தால் போகலாம். எனக்கு விருப்பம்தான், என் மோட்டாரும் ஒருமுறை காணாமல் போயிருக்கிறது.

அன்றைக்கு எங்களோடு தே குடிக்க ஒரு போலீஸ் கார்ப்பரலும் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். "நீங்கள்தான் எங்கள் கண்ணும் காதும்" என்றார். கூட்டம் போடும்போதெல்லாம் போலீஸ்காரர்கள் சொல்கிற வசனம்தான். எனக்கு என்னவோ அன்றைக்கு அது தொண்டையில் சிக்கியது.

காரணம் எங்கள் புளோக்கில் இருக்கிற ஒரு அக்கா. சில வருடங்களுக்கு முன் அவர் மகனை ஒரு மோட்டார் திருட்டு சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த நிலையம் என்று சொல்ல ஆளில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அவரும் ஒரு நிலையத்தின் கவுண்டரில் நின்றோம், இங்கே இல்லை என்றார்கள், இன்னொன்றுக்குப் போனோம், நாளைக்கு வா என்றார்கள். அக்கா வெளியே இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார், விடியும் வரைக்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. வாக்குமூலம் வாங்குவதற்கு முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. (அதை மறுக்கப் போலீஸுக்கு விதிவிலக்கும் அதே பிரிவுக்குள்ளேயே இருக்கிறது, அது வேறு கதை.) மறுநாள் நீதிமன்றத்தில்தான் பையனைப் பார்த்தோம். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் ஒருவர் இலவசமாக வந்து பேசினார், அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். நாலு நாள் ரிமாண்ட். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் வெளியே வந்தான். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புகார் கொடுக்கலாமே என்றேன். "யார்கிட்ட தம்பி, அவங்ககிட்டயேவா?" என்றார் அக்கா.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் தலைமையில் போலீஸ் படையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 2005இலேயே 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரித்து நடவடிக்கையும் எடுக்கக்கூடிய தனி ஆணையம் வேண்டும், அதாவது ஐ.பி.சி.எம்.சி., என்பது அவற்றில் முக்கியமானது. அது வரவில்லை. 2011இல் வேலையைத் தொடங்கியது அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையம், குடிநுழைவு, சாலைப் போக்குவரத்து எல்லாவற்றோடும் சேர்த்துப் போலீஸையும் அது பார்த்துக்கொள்ளுமாம். அதற்கிடையில், 2009 ஜனவரியில், சுபாங் ஜெயாவில் ஒரு காவல் நிலையத்தில் 22 வயதுப் பையன் செத்துப் போனான். பெயரை நான் எழுத வேண்டியதில்லை, நம் வீடுகளில் மறந்தவர்கள் கிடையாது. 2019இல் ஐ.பி.சி.எம்.சி. மசோதா நாடாளுமன்றம் வரை வந்து நின்றுபோனது. கடைசியில் 2022இல் மக்களவையில் நிறைவேறி 2023 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது போலீஸ் நடத்தை ஆணையம், அதாவது ஐ.பி.சி.சி. ஒரு "எம்" தானே குறைகிறது என்று நினைக்காதீர்கள். தண்டிக்கிற அதிகாரம் அதற்கு இல்லை, விசாரித்துப் போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். லாக்கப்பைப் பார்க்கப் போவதாக இருந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன், காவலில் மரணமோ பலத்த காயமோ நேர்ந்தால் போலீஸே அதை ஐ.பி.சி.சி.யிடம் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்பிருந்ததற்கு இது மேல். ஆனால் உயிர் போன பிறகு போகிற கடிதம் அது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அன்று ராத்திரி அது எதற்கு?

எனக்குப் போலீஸ் மேல் வெறுப்பில்லை. வெறுப்பிருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ரோந்து போவேனா? நான் கேட்பது, நாங்கள் கண்ணும் காதும் என்றால் அந்தக் கண் லாக்கப் பக்கமும் திரும்பலாமா கூடாதா என்பதுதான். மோட்டார் நிறுத்துமிடத்துக்கு நாங்கள் சொல்லிவிட்டுப் போவதில்லையே, சொல்லிவிட்டுப் போனால் எந்தத் திருடன் மாட்டுவான்?

போன மாத ருக்குன் தெத்தாங்கா கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் யாரையாவது பிடித்தால், எந்த நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று குடும்பம் அழைத்துக் கேட்க ஒரே ஒரு நம்பர் கொடுங்கள் என்றேன். பின்வரிசையில் அக்காவும் இருந்தார். நல்ல யோசனை என்று நோட்டில் எழுதிக்கொண்டார் அதிகாரி, வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன் என்றார்.

குழுவில் நேற்று அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவசரமாகத் திறந்தேன். வருகிற சனிக்கிழமை ரோந்துக்கு ஆள் குறைகிறது, யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.